மீனின் காதில் மன்னிப்பு

சேனாபதிக்குக் கஸ்தூரிரங்கனைக் கண்டாலே வயிறு எரியும். நேற்று இன்று வந்த எரிச்சல் இல்லை, பதினோரு வருஷத்து எரிச்சல். இத்தனைக்கும் அந்த மனுஷன் இவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வெஸ்ட் வின்ட்சர் என்கிற அந்த அமெரிக்க ஊரில் எங்கே பார்த்தாலும் “வாங்கோ சேனா” என்று தோளில் கை போடுவார். அதுதான் இன்னும் எரியும். தமிழ்ச் சங்க மேடையில் ஏறினால் அவர் வாய் ஓயாது, கூட்டத்துக்குக் கை ஓயாது. போன வருஷம் இட்லியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். இட்லியைப் பற்றி! அதற்கும் எழுந்து நின்று தட்டினார்கள். முதலில் எழுந்தவள் சேனாபதியின் மகள் ரோஷினி.

வயிற்றெரிச்சல் முற்றியதே அங்கேதான். ரோஷினிக்குப் பதினான்கு வயது. அப்பா எது கேட்டாலும் போனிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்பாள். அதே பெண் அன்றைக்குக் காரில் வீடு வரும்வரை கஸ்தூரிரங்கன் புராணம்தான். “அங்கிள் இஸ் அமேஸிங், அப்பா! நீங்க ஏன் இப்படியெல்லாம் பேசறதே இல்ல?” ஒரே ஒரு தடவை அவள் தன்னையும் அந்தக் கண்ணால் பார்த்துவிட மாட்டாளா என்று சேனாபதி ஏங்கினான். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் பார்க்கிறவன், சங்கத்தில் பாய் விரிப்பதிலிருந்து சாம்பார் வாளி தூக்குவது வரை எல்லா வேலையும் செய்கிறவன். வாளி தூக்குகிறவனை எந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது?

பேசுவதற்கு அவனிடம் விஷயம் இல்லாமல் இல்லை. பிறந்தது நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டை. அப்பா கட்டுமரத்தில் ஆரம்பித்து ஃபைபர் படகுக்கு மாறினவர். திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரம், ஹாஸ்டலில் ஒருத்தன் இவன் பெட்டி பக்கம் வந்து மூக்கைப் பொத்திக்காட்டினான். அறையே சிரித்தது. அன்றோடு சேனாபதி தன் ஊரை நாகப்பட்டினம் என்று மாற்றிக்கொண்டான், அப்பாவின் தொழிலை ஷிப்பிங் என்று உயர்த்திவிட்டான். உண்மை தெரிந்தவள் மனைவி பிரீத்தி ஒருத்திதான். மகளுக்கும் தாத்தா ஷிப்பிங்தான்.

இந்த வருஷப் பொங்கல் விழாவுக்குச் சங்கச் செயலாளர் மானஸா ஒரு முடிவோடு வந்தாள். “கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமான்னு இன்னும் எத்தனை வருஷம் பட்டிமன்றம் போடறது? ஸ்கூல்ல பசங்க எல்லாம் கனடால சீல் வேட்டைய, அதான் கடல்நாய் வேட்டைய, பேன் பண்ணச் சொல்லி பெட்டிஷன் சைன் பண்றாங்க. அதையே எடுத்துக்கலாம்.” அப்படியாகத் தலைப்பு முடிவானது: சீல் வேட்டை கடலோர மக்களின் வாழ்வாதாரமா, உயிர்வதையா? மகளுக்காகச் சேனாபதியும் இந்தத் தடவை பேசப் பெயர் கொடுத்திருந்தான். யார் எந்தக் கட்சி என்று வழக்கம்போல் சீட்டுக் குலுக்கினார்கள். சேனாபதிக்கு விழுந்தது உயிர்வதை. கஸ்தூரிரங்கனுக்கு வாழ்வாதாரம்.

சேனாபதிக்கு அந்தச் சீட்டைக் கசக்கி வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கடலோர ஜனங்களுக்காக வாதாடப்போவது முட்டைகூடத் தொடாத மாம்பலத்து மனுஷன்! கடற்கரையில் பிறந்தவன் எதிர்க்கட்சி! இட்லிதான் போகட்டும், கடலுமா அவருக்கு? மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஏன் என்று கேட்பார்களே. விழுங்கிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார்.

“சேனா, ஒரு ஹெல்ப். நீங்க நாகப்பட்டினம் சைடுதானே? மீனவாளைச் சின்ன வயசுல பாத்திருப்பேளே. மனசைத் தொடற மாதிரி அவாகிட்ட ஏதாவது வழக்கம் இருந்தா சொல்லுங்கோ. பாயிண்ட்ஸ் எல்லாம் ரெடி பண்ணிட்டேன், உருக்கம்தான் போறலை.”

எதிர்க்கட்சிக்காரனிடமே வந்து கேட்கிறார், அவ்வளவு நம்பிக்கை. சேனாபதிக்கு ரத்தம் கொதித்தது. என் அப்பாவை வைத்து இவர் கைதட்டல் வாங்க வேண்டும், என் மகள் எழுந்து நிற்க வேண்டும், அதற்கு நானே எடுத்துக் கொடுக்க வேண்டும்! அவன் யோசிக்கக்கூட இல்லை, பொய் தானாக வந்தது.

“இருக்கே சார். வலையில முதல்ல மாட்டுற மீன விக்க மாட்டாங்க. கையில எடுத்து, அதோட காதுல மன்னிப்பு கேட்டுட்டு, திரும்பக் கடல்ல விட்டுடுவாங்க.”

“காதுலயா?”

மாட்டிக்கொண்டோம் என்று சேனாபதி நினைத்தான்.

“அடடா! உடம்பெல்லாம் சிலிர்க்கறது, சேனா.”

மீனுக்கு ஏது காது? முந்நூறு பேர் கூடுகிற இடத்தில் ஒருத்தனாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் போவானா? சிரிக்கட்டும். ரோஷினியும் சேர்ந்து சிரிக்கட்டும். விழா நாள் வரைக்கும் சேனாபதி ஒரு மாதிரி குஷியாகவே திரிந்தான்.

“என்ன, பல்லு வலியா? வாய மூடவே மாட்டேங்கறீங்க” என்று பிரீத்தி கேட்டாள்.

விழா ஹைஸ்கூல் ஹாலில் நடந்தது. நடுவர் வெள்ளியங்கிரி, பொள்ளாச்சிக்கார டாக்டர். கஸ்தூரிரங்கன் பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மனுஷன் நன்றாகத்தான் பேசினார், பாவி. வடக்கே பனிக்கடலோரத்து ஊர்களில் வேறு தொழில் கிடையாது, மாமிசம் சாப்பாட்டுக்கு, தோலும் எண்ணெயும் விற்பனைக்கு, வெள்ளைக் குட்டிகளைக் கொல்லத் தடை வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தக் குட்டிகளின் பழைய போட்டோவைக் காட்டித்தான் இன்னும் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று வரிசையாக அடுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நம்ம நாகப்பட்டினக் கரையில ஒரு வழக்கம் உண்டு…”

சேனாபதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

முதல் மீன் வந்தது. அதன் காது வந்தது. மன்னிப்பும் வந்தது. ஹாலில் ஒரு சிரிப்பு இல்லை. முன்வரிசையில் ஒரு ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் பாருங்கள், கூரை பிய்ந்துவிடும்போல அப்படி ஒரு கைதட்டல். ரோஷினி எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள்.

அடக் கடவுளே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு வைக்கிற ஜனம், ஒருத்தருக்குக்கூடவா தெரியவில்லை? சேனாபதியின் முறை வந்தபோது அவன் காகிதத்தோடு எழுந்து நின்றான். உயிர்வதையைப் பற்றி எழுதிவைத்த ஒரு வரிகூடக் கண்ணில் தெரியவில்லை.

“மீனுக்குக் காது கிடையாதுங்க” என்றான். “அப்படி ஒரு வழக்கமும் கிடையாது.”

ஹால் சலசலத்தது. வெள்ளியங்கிரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இத்தனை உறுதியாச் சொல்றீங்களே, உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

இத்தனை வருஷம் பூட்டி வைத்தது அங்கே உடைந்தது.

“எங்கப்பா கடலுக்குப் போனவரு. அக்கரைப்பேட்டை. மீன்கிட்ட யாரும் மன்னிப்பு கேக்க மாட்டாங்க. செவுளத் தூக்கிப் பாப்பாங்க, செவப்பா இருந்தா கூடையில போடுவாங்க. கொன்னாத்தான் சோறு. மன்னிப்பு கேட்டாத்தான் அவங்க நல்லவங்கன்னு ஒத்துக்குவீங்களா? வலையில ஆமை மாட்டுதுன்னு கடல்ல புடிச்ச எறாவ இந்த நாடு வாங்க மாட்டேங்குது. சட்டம் போட்டவங்கள்ல ஒருத்தர் எங்க கரைக்கு வந்ததில்ல. எங்கண்ணன் வலையச் சுருட்டி வச்சிட்டு ஐஸ் ஃபேக்டரியில மூட்டை தூக்கறாரு. பனிக்கடல்காரனுக்கும் இதே கதிதான். சீலுக்குக் கண்ணு பெருசா அழகா இருக்கு, கையெழுத்து போடறோம். மத்திக்கு யாரு போடறா?”

தன் கட்சி எது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. முடித்ததும் தட்டினார்கள் பாருங்கள், இட்லிக்குத் தட்டியதெல்லாம் எந்த மூலைக்கு! ரோஷினி எழுந்து நின்றாள். அவள் விசில் அடிக்கவில்லை. வாயைத் திறந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேனாபதி ஏங்கின அதே கண்.

கைதட்டல் அடங்கியதும் எதிர்மேஜையில் கஸ்தூரிரங்கன் எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவர் மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

“ஆனா சேனா, அந்தக் காது விஷயத்தை நீங்கதானே என்கிட்ட சொன்னேள்?”

இப்போதுதான் முந்நூறு பேரும் சிரித்தார்கள். சேனாபதி சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கட்சிக்குப் பேசியதால் தீர்ப்பு வாழ்வாதாரத்துக்கே என்று வெள்ளியங்கிரி அறிவித்தார். கேடயத்தைக் கஸ்தூரிரங்கன் வாங்கினார். வாங்கியதும் நேராக வந்து சேனாபதியின் தோளில் கை போட்டு, “நீங்க பேசினதுதான் பேச்சு” என்றார். அந்தக் கையை என்ன செய்வதென்று சேனாபதிக்குத் தெரியவில்லை.

பார்க்கிங்கில் பிரீத்தி காரை எடுக்கப் போனாள். ரோஷினி ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

“தாத்தா ஷிப்பிங்னு சொன்னீங்க.”

“ஆமாம்மா. அது வந்து…”

“என்கிட்ட பொய். அங்கிள்கிட்டயும் பொய். ஸ்டேஜ்ல சொன்னீங்களே, அதாவது நிஜமா?”

“சத்தியமா நிஜம்மா.”

“நான் எப்படிப்பா நம்பறது?”

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.