பந்தலில் நீல மூலை

மண்ணை அளப்பது என் பிழைப்பு. நீளமான கருவி ஒன்றைக் கையில் தொங்கவிட்டபடி வரிசை வரிசையாக நடப்பேன். எந்த இடத்து மண்ணில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடும் என்று அது குறித்துக்கொள்ளும். அதை வைத்து வரைபடம் போடுவேன். களிமண் நீலமாக வரும், சரளை மஞ்சளாக வரும். எங்கே தண்ணீரைக் கூட்டலாம், எங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்வேன்.

வளைகுடாவில் உழைத்ததை எல்லாம் என் தம்பி திருவரங்குளம் பக்கம் திராட்சைப் பந்தலாகப் போட்டிருந்தான். அக்கா வந்து அளந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். போனேன். பந்தலுக்குள் எங்கள் வீட்டில் யாரும் செருப்போடு நுழைவதில்லை. நானும் கழற்றிவிட்டுத்தான் நடந்தேன். கிழக்கு மூலையில் மண் குளுகுளுவென்று இருந்தது. சுகமாக நடந்தேனே தவிர, இங்கே மட்டும் ஏன் ஈரம் என்று கேட்கவில்லை. ஈரமும் களிமண்ணும் கருவிக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்காகத்தான் வரைபடத்தில் வரும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குழி வெட்டிப் பார்ப்பது. அடுத்தவர் தோட்டமாக இருந்தால் வெட்டாமல் விட்டிருக்க மாட்டேன். தம்பி தோட்டம்தானே, கறிக்குழம்பு வாசனை வேறு வந்துவிட்டது. அப்படியே சாப்பிடப் போய்விட்டேன்.

வரைபடத்தில் கிழக்கு மூலை நல்ல நீலமாக வந்தது. களிமண், ஈரத்தைப் பிடித்து வைக்கும், தண்ணீரைப் பாதியாக்கு என்றேன். தம்பி மறுபேச்சில்லாமல் குறைத்தான்.

காய் நிறம் மாறும் நேரத்தில் பதறிப்போய்க் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் அந்த மூலையில் இலை ஓரமெல்லாம் கருகி, குலைகள் சுருங்கித் தொங்கின. கடப்பாரையால் குத்தினேன். ஒரு சாணுக்குக் கீழே வெறும் சரளை.

"களின்னுதானேக்கா சொன்ன?" என்றான் தம்பி.

பக்கத்தில் நின்ற அவன் மனைவிதான் பேசினாள். "நீங்க அளக்க வாரீங்கன்னு, முந்துன நாளு சாயங்காலம் அங்கிட்டு ஹோஸ் போட்டு நனைச்சுவிட்டேன், அண்ணி. அந்த மூலையில எலை கொறச்சல், நெழலே இல்ல. ஒங்களுக்குக் காலு சுடுமேன்னு..."

"ஒன்னைய யாரு விடச் சொன்னா? இந்த வருச வெள்ளாமையே போச்சு!" என்று தம்பி அவள்மேல் பாய்ந்தான்.

குழி வெட்டாமல் விட்டது நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. மண்ணுக்காரம்மா என்று ஊரில் இருக்கும் பெயரை நினைத்து விழுங்கிவிட்டேன். அவன் திட்டி முடிக்கும்வரை கருகிய இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பஸ் ஏற்றிவிட அவள்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. என்னாலதான் ஒங்க வேலைக்குக் கெட்ட பேரு."

"பரவாயில்லம்மா, விடு" என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவளை மன்னித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.