பேத்தியிடம் வாய் திறந்த என் வீட்டுக்காரர்

மூத்த பேரன் துறைமுகத்தில் இஞ்சினியர்.
இளையவன் ஓட்டத்தில் மாகாணத்தில் முதலாமிடம்.
பேத்தி தர்ஷினி பல் டொக்டர்.

பல்லைச் சுற்றிய முரசில் இரத்தம், முன்பல் இரண்டும் ஆடுகின்றன என்று இன்று என் வீட்டுக்காரரை அவளிடம் கூட்டிப்போனேன்.

"பல்லுவலிக்குத்தான் பிள்ளை சாராயம் கொப்புளிக்கிறனான்" என்றார்.

"கொப்புளிச்சிட்டுத் துப்புறேல்லையே, அம்மப்பா. சாராயம் வாயைக் காயவைக்கும். எச்சில் வத்தினா முரசு பழுதாகும், பல்லும் விழும். இப்ப விட்டா ரெண்டையும் காப்பாத்தலாம். விடுவீங்களோ?"

பதிலுக்கு வாயைத் திறந்தார். அவள் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டாள். கல்யாணம் கட்டிய நாள் முதல் எனக்கு மறுபேச்சுப் பேசியவர், திறந்த வாயோடு "ஓம்" என்று தலையாட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகிறது.

தர்ஷினி, உன் பட்டமளிப்புப் படத்தை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவர் தலையாட்டும்போது நான் எடுத்த புதுப்படத்தை முகநூலில் போடு பிள்ளை. ஊரே சாட்சியாக இருக்கட்டும்.