பாட்டின் தவிடு

அம்மாவின் ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் கருத்திருக்கும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ரிக்கார்டிலிருந்து தூக்கிய முள்ளை அந்த விரலால்தான் துடைப்பாள். கண்மை போல மிருதுவான கருப்புப் பொடி ஒட்டும். "பாட்டோட தவுடு" என்பாள். முள் உரசி உரசி ரிக்கார்டுதான் தேய்ந்து உதிர்கிறது என்று தெரிந்திருந்தும், நெல் குத்தினால் தவிடு வரத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம்.

அப்பா குமுளிக்கு ஜீப் ஓட்டினார். மார்க்கையன்கோட்டையில் எங்கள் மைக்செட்டை நடத்தியது அம்மா. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான்தான் ரிக்கார்டு போடுகிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு, என் இடத்தில் ஒலிபெருக்கிக் குழாய் பேசியது நிம்மதியாக இருந்தது. முள்ளைத் தாங்கியிருக்கும் விரல்நுனி அளவுக் கார்ட்ரிட்ஜை வீட்டில் "முள்ளுப்பொட்டி" என்போம். எங்களுடையது ரிக்கார்டை அழுத்தி உரசி நன்றாகக் கத்தும் ரகம். யார் செட் அதிகம் கத்துகிறதோ அவர்களுக்குத்தான் அடுத்த முகூர்த்தம். எங்களுக்குப் போட்டி கம்பம் ஊர்ச் செட்.

ஓர் ஆனி மாதம், கூடலூரில் காதுகுத்து. இரண்டு நாள் சாரலில் முள்ளுப்பொட்டி நமுத்து, குரல் கம்மிப்போயிருந்தது. காலையில் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அதைக் கழற்றி, நமுத்த தீப்பெட்டியைக் காய வைப்பதுபோல அடுப்பை ஒட்டி வைத்தேன். பிறகு மாட்டிவிட்டு வாயைத் திறக்கவில்லை. அதற்குள் இருந்தது ஒருவகை உப்புக் கல் என்பதும், ஈரத்தில் கம்மும் அது சூட்டில் செத்தே போகும் என்பதும், தேனியில் ரேடியோ பழுதுபார்ப்பவர் ஒருவர் பின்னாளில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பந்தலில் முள்ளை வைத்தேன். குழாயில் வெறும் இரைச்சல். குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் திரும்பினார்.

"என்னத்தா, குழாய்க்குத் தொண்ட கட்டிருச்சா? கம்பத்துச் செட்டச் சொல்லியிருந்தா இந்நேரம் மலைக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும்."

பந்தலே சிரித்தது. அன்று எங்கள் செட் ஊமையானால் ஆவணி முகூர்த்தம் அத்தனையும் கம்பத்துக்காரருக்குத்தான் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பதறவில்லை. சத்தம் போதாதென்று என்றோ ஒதுக்கிய பழைய முள்ளுப்பொட்டியை, ரிக்கார்டுப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். மாட்டினேன்.

பாட்டு வந்தது, பாதிச் சத்தத்தில். கேட்க வேண்டியே ஆட்கள் பேச்சைத் தாழ்த்தினார்கள். நூறு தடவைக்கு மேல் போட்டுத் தேய்ந்த அதே தாலாட்டுதான். ஆனால் பாடுகிற பெண் அடுத்த அடியை எடுக்கும் முன் மூச்சை இழுப்பதும், தபேலாக்காரரின் விரல் தோல்மேல் வழுக்குவதும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டன. அந்த மூச்சு அத்தனை நாளும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதன்மேல் கத்திக்கொண்டிருந்தோம்.

"ஏப்பா, பாடுற அம்மா மூச்சு விடுறதுகூட கேக்குது," என்றார் தாய்மாமன், குரலே இல்லாமல். "இங்கன உக்காந்து பாடுறாக மாதிரில்ல இருக்கு."

பாட்டு முடிந்தது. அம்மா முள்ளைத் துடைத்து, விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். ஒரு பொட்டுப் பொடி இல்லை.

"ஏலே, கழட்டுன பொட்டியில கரி ஒட்டியிருக்கு. அடுப்புல வச்சயா?"

தலையாட்டினேன்.

"நல்லவேள வச்ச."

ஆவணியில் பாதி முகூர்த்தம் கம்பத்துக்கே போனது. ஆனாலும் கத்துகிற பொட்டியை அம்மா மறுபடி வாங்கவில்லை.

இப்போது தேனியில் இருக்கும் அண்ணன் மகன் புதிதாக ரிக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறான். உலகத்திலேயே சிறந்த கார்ட்ரிட்ஜ் எது என்று வைரமுனை, தங்கக் கம்பி என்று வாயில் நுழையாத பெயர்களாக வாசித்து, "நீங்க சொல்லுங்க சித்தப்பா" என்றான். தன் குரலைக் கலக்காமல், பாட்டைத் தேய்க்காமல், உள்ளே இருக்கும் மூச்சைக் கொண்டுவருவது எதுவோ அதுதான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக ஒரு பாட்டுப் போடச் சொன்னேன். முடிந்ததும் முள்ளை விரலால் துடைத்தேன். சுத்தமாக இருந்தது. அன்று அம்மா நீட்டியதுபோல விரலை இடப்பக்கம் நீட்டிக் காட்டினேன். அம்மா எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பாள்.