கப்பலுக்காக அழுத பிள்ளை

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். தூத்துக்குடிக்கு வடக்கே ஓர் உப்பளத்தில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் பெரிய பாய்மரத் தோணியில் போயிருந்தார். நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. காலையில் அவளைப் பால்வாடியில் விட்டுவிட்டு உப்பு வாரப் போவேன்.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தாள். திடீரென்று, திருநாளுக்கு எடுத்த கவுனைத்தான் போடுவேன் என்று தினமும் அடம் பிடிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் சாயங்காலம் கூட்டிவரப் போனால், டீச்சர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒம் பிள்ளை வந்ததுலருந்து ஒரே அழுகை. அடிச்சா இன்னும் சத்தம் போடுதா. நாளையிலருந்து இங்கன கொண்டாந்து விடாத."

பிள்ளையை விட இடமில்லை என்றால் வேலையும் போச்சு. அவள் கெண்டைக்காலைப் பார்த்தேன். கம்பு விழுந்த தடம் தடித்திருந்தது. வழியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஏளா, அடிக்காவன்னு தெரியுதுல்லா, பெறகும் ஏன் அழுத?"

ரகசியம் போலச் சொன்னாள்: "அழுதா கப்பல்ல ஏத்தி விட்ருவேன்னு டீச்சர் சொன்னாவம்மா. அப்பாகிட்ட போலாம்லா."

அழுகிற பிள்ளைகளை அடக்க டீச்சர் வைத்திருந்த மிரட்டல் அது. மற்றப் பிள்ளைகள் பயந்து வாயை மூடிக்கொண்டன. அப்பா கப்பலில் இருக்கும் பிள்ளைக்கு அது மிரட்டலா? பயணத்துக்குத்தான் நல்ல கவுன். கண்ணீர் வராத நேரத்தில் எச்சிலைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டாளாம். அடி விழ விழ, கப்பல் வரப்போகிறது என்று இன்னும் சத்தமாக அழுதிருக்கிறாள் பாவி மகள்.

மறுநாள் போய் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆயாவையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க டீச்சர். நீங்க சொன்னது பொய்யின்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

"நல்லாருக்கே கதை! பச்சப்பிள்ளைகிட்டப் போயி பொய் சொன்னேன்னு சொல்லவா? பெறகு எந்தப் பிள்ளை எனக்கு அடங்கும்?"

"பொய்ய நம்புன பிள்ளைய அடிக்க மட்டும் கை நீளுதோ?" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கடைசியில், பிள்ளையை நான் அங்கே தொடர்ந்து விட்டுப் போக டீச்சர் சம்மதித்தார். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நானேதான் சொன்னேன், கப்பலும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று. "அப்போ டீச்சர் பொய் சொன்னாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

அதோடு அழுகையே நின்றுவிட்டது. விழுந்து முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தபோதும் அழவில்லை. யாரோடும் சேராமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். "இப்பத்தான் நல்ல பிள்ளையா ஆயிருக்கா" என்று டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

அவளுக்கு இப்போது பேரப்பிள்ளையே இருக்கிறது. ஆனாலும், ஒரு பிள்ளை சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து 'எவ்வளவு நல்ல பிள்ளை' என்று யாராவது மெச்சினால், அதனிடம் எந்தப் பெரிய மனுஷர் என்ன பொய் சொன்னாரோ என்று எனக்கு இன்றும் ஆத்திரம் பொங்குகிறது.