ஆறாவது வரி

மதுரையில் நான் இப்போது குடியிருக்கும் தெருவில் விடிந்தால் போதும், ஊரே காரணமில்லாமல் நடக்கிறது. எங்கள் ஊரில் அது நடக்காது. திருச்சுழிப் பக்கம் தெருவில் காலெடுத்து வைத்தாலே "எங்க கெளம்பிட்டீக?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. "சும்மா நடக்குறேன்" என்று பதில் சொன்னால் பொழுது சாய்வதற்குள் நமக்கு மந்திரிக்க ஆள் பார்த்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு வந்த சிக்கல் இதுதான். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் அவள் பேச்சைக் குறைத்தாள், சாப்பாட்டைக் குறைத்தாள், கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். அப்பா அருப்புக்கோட்டைக்கு அழைத்துப் போனார். மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்த டாக்டரம்மா, தினமும் செய்யச் சொல்லி ஐந்து காரியங்களையும் சொல்லி அனுப்பினார். அம்மா அவற்றைத் தன் கையாலேயே எழுதி, சோற்றுப் பருக்கை தடவி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினாள். வெள்ளென எந்திரிக்கணும். குளிக்கணும். தலை சீவணும். நேரத்துக்குச் சாப்பிடணும். சாயங்காலம் அரை மணி நடக்கணும். செய்து முடித்ததற்கெல்லாம் என் பென்சில் துண்டால் ஒரு கோடு போடுவாள்.

நடப்பதற்குத்தான் காரணம் வேண்டுமே! அம்மா இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டாள். குழாயோ எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. வெறுங்குடத்தோடு பள்ளிக்கூடம் வரை போய், வெறுங்குடத்தோடு திரும்பி வருவாள். பள்ளிக்கூடம் விடும் நேரமும் அதுதான்.

ஒருநாள் பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு கூட்டத்துக்கு எதிரே அந்தக் குடம் வந்துவிட்டது. வேனை நிறுத்தி, சகுனம் கெட்டுப்போச்சு என்று கூச்சல் போட்டார்கள். "ஏம்மா, ஒனக்குப் புத்திகித்தி கெட்டுப்போச்சா?" என்றார் ஒரு பெரியவர். அம்மா குடத்தை முந்தானையால் மூடப் பார்த்தாள். பள்ளிக்கூடக் கேட்டருகே என்னோடு நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏய், அது ஒங்கம்மாதான?" என்றாள் என் பெஞ்சுக்காரி.

"இல்ல, எங்க தெருக்காரவுக" என்றேன். அம்மா நாலடி தூரத்தில்தான் நின்றாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதோடு விட்டேனா? மறுநாள் அம்மாவின் செருப்பைக் கொல்லையில் விறகுக்குப் போட்டிருந்த பருத்திமார்க் குவியலுக்குள் செருகினேன். எங்கள் பாதையெல்லாம் கருவேல முள். வெறுங்காலோடு நடக்க முடியாது.

"ஏத்தா, எஞ்செருப்பப் பாத்தியா?"

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

சனிக்கிழமை டவுனில் வேறு வாங்கலாம் என்றார் அப்பா. சனிக்கிழமை வரை அம்மா தாங்கவில்லை. முதலில் நடைக்குக் கோடு விழவில்லை. அடுத்த நாள் தலை சீவவில்லை. அதற்கடுத்து குளிக்கவில்லை. நாலாம் நாள் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அப்பா கஞ்சி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினார். "ஒரு வாய் குடி. புள்ள பாத்துக்கிட்டு நிக்கிதுல்ல."

"நா இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது? அந்தப் புள்ளைக்கும் கேவலந்தான்."

ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வாசலில் போட்டேன். கையில் கொடுக்கத் தைரியம் இல்லை. மறுநாள் எழுந்து வந்த அம்மா, வாரில் சிக்கியிருந்த பருத்திச் சருகை நகத்தால் நோண்டி எடுத்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். எந்த நாய் திருப்பிக் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை.

பிறகு நடக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை குடம் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத கண்மாய்க் கரைமேல், முள்ளுக்குள் போய்வருவாள். வந்து கால் கீறலுக்கெல்லாம் மஞ்சள் பூசுவாள். நான் தப்பித்தேன் என்று இருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் பாவாடை எடுக்க பீரோவைத் திறந்தேன். தாளில் ஆறாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. 'பள்ளிக்கூடம் விடுற நேரம் அந்தப் பக்கம் போகக் கூடாது.' மற்ற ஐந்துக்கும் இடையிடையே கோடு விட்டுப்போயிருந்தது. இதற்கு மட்டும் ஒருநாள் தவறாமல் கோடு.

டாக்டரம்மாதான் போனில் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். எவ்வளவு விவரமான டாக்டர் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.