உமி எரிந்தது, ஆவி ஏறவில்லை

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தாழ்வாரத்துப் பாயில் கிடந்த முதல் வாரம், வலியைவிட ஆத்திரம்தான் எனக்கு அதிகம். எண்பதுகளின் தொடக்கம் அது. திருநள்ளாற்றுப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை எனக்கு. சேஃப்டி வால்வு (ஆவி மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் மூடி) அடிக்கடி திறந்து, நெல் அவியத் தாமதமாகிறது என்று முதலாளி அதைக் கம்பியால் கட்டச் சொன்னார். கட்டியவள் நான்தான். பாய்லர் வெடித்ததும் என்மேல்தான். அந்தப் பாவியோ, நான் பாய்லர் அடுப்படியில் தூங்கிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

விசாரணை வரும் என்றார்கள். அதுவரை சாகக்கூடாது. வேறு வேண்டுதலே இல்லை எனக்கு.

மூன்றாம் வாரம் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆனால் தம்ளரைத் தூக்கக் கையில் வலுவில்லை. தொடை சூம்பிவிட்டது. தங்கை செல்வி உப்பில்லாக் கஞ்சிதான் கொடுத்தாள். வெந்த புண்ணுக்கு மீன், முட்டைக் கவிச்சி ஆகாது, சீழ் வைக்கும் என்பது எங்கள் வீட்டுப் பத்தியம்.

டாக்டரம்மா தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். "இந்தக் கஞ்சிய யாருங்க குடுக்கச் சொன்னது?"

"பத்தியங்க, டாக்டரம்மா" என்றாள் செல்வி.

"பத்தியமா? அக்காவப் பட்டினி போட்டுக் கொல்றீங்க!"

பெரிய தீக்காயம் பட்டால் மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்குள் உணவை எரித்துச் சக்தி எடுக்கும் நுண்ணுறுப்பு) பழுதாகுமாம். எரிப்பது நிற்காது, எரிந்ததில் பெரும்பங்கு வெறும் சூடாக வீணாகும். தீனி போதாவிட்டால் சொந்தச் சதையையே எடுத்து எரிக்கும். எனக்கா இது புரியாது? உமி மலையாய் எரியும், குழாய் ஒழுகினால் ஆவி ஏறாது.

அன்றிலிருந்து முட்டை, பால், கருக்களாச்சேரிக் கடல்மீன். விழுங்கினால் உயிர் போய் வரும். பசித்து ஒருநாளும் சாப்பிடவில்லை. 'உன் வாயில மண்ணு விழ' என்று முதலாளியைத் திட்டித் திட்டியே ஒவ்வொரு கவளத்தையும் இறக்கினேன். என்னைப் போல் படுத்திருப்பவர்களே, பத்தியத்தை ஊராரிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

ஒருநாள் முதலாளியே ஆப்பிளோடு வந்தார். "தூங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ஒந்தங்கச்சிக்கு வேல போட்டுத் தர்றேன்."

ஆப்பிளை வாங்கி அவர் எதிரிலேயே கடித்துத் தின்றேன்.

புண் ஆறியும் பலம் ஊறவில்லை. எழுந்து உட்கார்ந்து தலை வாருவதற்குள் காலை தீர்ந்துவிடும். முன்பெல்லாம் அந்நேரத்தில் இருபது கூடை உமி தள்ளியிருப்பேன்.

வெடித்த எட்டாம் மாதம் விசாரணை. நாலு படி ஏற இரண்டு தடவை உட்கார்ந்தேன்.

"வால்வக் கட்டினது யாரும்மா?" என்றார் அதிகாரி.

"நாந்தாங்க."

"கட்டச் சொன்னது?"

வெந்த கை தோள்வரைதான் எழும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த முதலாளியின் முகத்தைக் காட்ட அந்த உயரம் போதும்.