வெட்டிய நாலு நிமிடம்

எனக்கும் என் மனைவிக்கும் திருச்சியில் கலியாணம் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. பதினெட்டு நாள் சேர்ந்து இருந்தோம். பிறகு நான் பாரிசுக்குத் திரும்பிவிட்டேன். அவள் விசா வரும்வரை திருச்சியில் தன் தமக்கை வீட்டில் இருக்கிறாள். இது மூன்றாவது வருடம்.

நான் சமைக்கிற உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அறையில் என்னோடு இருப்பவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பாரிசில் நான் இருக்கிற ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மத்தியானம் என்றால் திருச்சியில் பொழுது சாய்கிற நேரம். அப்போது இருவரும் இணையத்தில் ஒரே படத்தைப் பார்ப்போம். படம் மடிக்கணினியில், அவள் குரல் காதில். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று அவள் எண்ண, இருவரும் ஒன்றாகப் பொத்தானை அமத்துவோம். அவள் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

போன மாசியில் பார்த்தது வயது வந்தவர்களுக்கான படம். அவள்தான் தெரிவு செய்தாள். அதில் ஒரு புருசனும் பெண்சாதியும் இரவு முழுக்கச் சண்டை பிடிக்கிறார்கள். கடைசியில் அவன் அறைக்கதவைச் சாத்திவிட்டு அவளுக்குக் கிட்டப் போனான். அறையில் ஒருவரும் இல்லாதபோதும் நான் சத்தத்தைக் குறைத்தேன்.

காதில் அவள் சிரித்தாள். "பாவம், தோசையைக் கருக்கிப்போட்டான்."

என் படத்தில் தோசை இல்லை.

"என்ன தோசை?"

"விடிஞ்சிட்டுதெல்லோ. அவன் குசினியிலை நிக்கிறான். நீங்கள் எதிலை நிக்கிறியள்?"

"நான் இன்னும் இரவிலைதான் நிக்கிறன்."

பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்தியாவில் ஓடுகிற படத்தில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். பிரான்சில் வெட்டவில்லை. முன்னுக்குத் தள்ளிக்கொண்டுபோய் அவளைப் பிடித்துவிடலாம் என்று விரலை வைத்தேன்.

"தள்ளாதேங்கோ," என்றாள். "நான் நிப்பாட்டிப்போட்டன். என்ன நடக்குதெண்டு சொல்லுங்கோ."

கலியாணமான அந்தப் பதினெட்டு நாளிலும் விளக்கை அணைத்த பிறகு ஒரு சொல் பேசாதவன் நான். மூன்று வருடமாகத் தொலைபேசியில் சாப்பிட்டீரோ, விசாக் கடிதம் ஏதும் வந்ததோ என்று மட்டும் கேட்டிருக்கிறேன். உம்மை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

"சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததையோ வெட்டினவங்கள்?"

நான் திரையைப் பார்த்தேன். "அவளின்ரை தலைமயிரை விலத்துறான்," என்றேன். "ரெண்டு பேரும் கதைக்கேல்லை. அவள் அவன்ரை கையைப் பிடிச்சு வைச்சிருக்கிறாள்."

"பிறகு?"

அதற்குள் அந்தக் காட்சி முடிந்துவிட்டது. நாலு நிமிடம்கூட இருக்காது. என் படத்திலும் விடிந்து, அவன் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான். நான் மடிக்கணினியை மூடினேன்.

"பிறகு, அவளின்ரை கழுத்துக்குப் பின்னாலை ஒரு மச்சம் இருக்கு," என்றேன். "அதைத் தொடுறான்."

அந்த நடிகைக்கு மச்சம் இல்லை. மச்சம் என் மனைவிக்குத்தான்.

காதில் அவள் மூச்சு கேட்டது.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ," என்றாள்.